பூல் மேசையிலிருந்து ஸ்நூக்கர் மேசைக்கு: வாசகர் கேள்விகள்

நான்கு வருடமாக நைன் பால் (ஒன்பது பந்துகளை வைத்து ஆடும் பூல்) ஆடுகிறேன். உள்ளூர்ப் போட்டிகளில் பரிசும் வாங்கியிருக்கிறேன். ஸ்நூக்கர் மேசையில் நின்றால் மட்டும் பந்து பாக்கெட்டின் வாயில் தட்டித் தட்டி வெளியே வந்துவிடுகிறது. என்ன காரணம்? இதைச் சரிசெய்துகொண்டு தொழில்முறை ஸ்நூக்கருக்குப் போக முடியுமா? (வயது 22, கோயம்புத்தூர்)

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. போட்டிக்கான ஒன்பதடி மேசையில் மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் 4½ அங்குலம், அதாவது 114 மி.மீ. நடுவில் போகிற பந்துக்கு இரு பக்கமும் 28 மி.மீ. இடம் மிஞ்சும். ஸ்நூக்கர் பந்து 52.5 மி.மீ.; பாக்கெட் சுமார் 3½ அங்குலம், 89 மி.மீ. இங்கே மிஞ்சுவது பக்கத்துக்கு 18 மி.மீ.தான்.

நேர்கோட்டு ஷாட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பந்து சிவப்பைத் தொடும் இடம் வெறும் 1 மி.மீ. விலகினால், சிவப்பின் திசை ஒரு டிகிரிக்குச் சற்று மேல் மாறும். ஐந்தடி ஓடியபின் அது 29 மி.மீ. விலகல். ஸ்நூக்கரில் பந்து வெளியே. அதே தவறை, அதே ஐந்தடியில், பூல் மேசையில் செய்தால் விலகல் 27 மி.மீ.; பந்து ஓரத்தை உரசியபடி உள்ளே விழுந்துவிடும். நான்கு வருடமாக உங்கள் கை இந்த ஒரு மில்லிமீட்டர் தவறைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பூல் மேசை அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பாக்கெட்டின் வடிவமும் வேறு. பூல் பாக்கெட்டின் வாய் சாய்வாக நேராக வெட்டப்பட்டது. ஓரத்தில் பட்ட பந்தையும் பல நேரம் உள்ளே தள்ளிவிடும். ஸ்நூக்கர் பாக்கெட்டின் இரு உதடுகளும் உருண்டவை. குஷனை (மேசை ஓரத்து ரப்பர் விளிம்பு) ஒட்டி வேகமாக அடித்த பந்து அந்த உருண்டையில் பட்டால் எதிர் உதட்டுக்குப் போய் அங்கிருந்து வெளியே வரும். நீங்கள் சொல்கிற ‘தட்டித் தட்டி’ இதுதான். உடனடி மருந்து ஒன்று உண்டு: குஷன் ஓரப் பந்துகளுக்கு வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

சரி, தொழில்முறைக்குப் போக முடியுமா? நைன் பாலில் உலகப் பட்டம் வென்றுவிட்டு ஸ்நூக்கருக்கு வந்து, ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் உலகச் சாம்பியன் ஆனவர் இதுவரை ஒருவரும் இல்லை. எதிர்த்திசையில் போனவர்கள் ஏராளம். ஆறு முறை ஸ்நூக்கர் உலகச் சாம்பியனான ஸ்டீவ் டேவிஸ், ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் பூல் போட்டியான மோஸ்கோனி கோப்பையில் ஐரோப்பாவுக்காக 1994 முதல் 2004 வரை ஆடினார். மால்ட்டாவின் ஸ்நூக்கர் ஆட்டக்காரர் டோனி டிராகோ 2003-ல் வேர்ல்ட் பூல் மாஸ்டர்ஸ் வென்றார். ஆலிசன் ஃபிஷர், கேரன் கோர், கெல்லி ஃபிஷர் மூவரும் பெண்கள் ஸ்நூக்கரின் உலகச் சாம்பியன்கள். மூவரும் அமெரிக்கா போய்ப் பெண்கள் பூலில் கொடிகட்டிப் பறந்தார்கள். சின்னப் பாக்கெட்டில் வளர்ந்த கைக்குப் பெரிய பாக்கெட் சுலபம். நீங்கள் ஏறப் பார்ப்பது மறுபக்கம். அதற்காகப் பூல் எளிது என்று நினைத்துவிட வேண்டாம். 2021-ல் யு.எஸ். ஓப்பன் நைன் பாலில் ஆடிப்பார்த்த முன்னாள் ஸ்நூக்கர் உலகச் சாம்பியன் ஜட் டிரம்ப்பும் பட்டத்தை நெருங்கவில்லை.

22 வயதில் தொடங்கி டூரில் (தொழில்முறைப் போட்டிச் சுற்று) மேல்வரிசைக்கு வருவது, எங்கள் கணிப்பில், அநேகமாக நடக்காது. மேல்வரிசையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பத்து வயதை ஒட்டிப் பெரிய மேசையில் நின்றவர்கள். மாநில, தேசிய அளவில் நல்ல ஆட்டக்காரராவது வேறு விஷயம்; அது நடக்கக்கூடியது.

மார்க் செல்பி பூல் உலகச் சாம்பியன்தானே? அவர் மாறவில்லையா? (மதுரை)

இந்த உதாரணத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். செல்பி 1999-ல், பதினாறு வயதிலேயே, ஸ்நூக்கரில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். எய்ட் பால் பூலில் அவர் உலகச் சாம்பியன் ஆனது 2006-ல். ஸ்நூக்கர்காரர் பூலிலும் ஜெயித்தார் என்பதுதான் சரி. ஸ்நூக்கர் உலகப் பட்டங்கள் 2014, 2016, 2017, 2021 ஆண்டுகளில் வந்தன.

அவர் ஜெயித்ததும் அமெரிக்க பூல் இல்லை. இங்கிலாந்தின் மதுக்கடைகளில் இருக்கும் சின்ன மேசை: ஏழடி, இரண்டு அங்குலப் பந்து, அதைவிடச் சற்றுச் சிறிய வெள்ளைப் பந்து, உருண்ட உதடு கொண்ட பாக்கெட். ஸ்நூக்கரின் தம்பி என்றே சொல்லலாம். சீன எய்ட் பாலும் பாதி அப்படித்தான். பந்து அமெரிக்க அளவு, பாக்கெட்டும் துணியும் ஸ்நூக்கர் பாணி. 2015-ல் அதன் உலகப் போட்டி இறுதியாட்டத்தில் செல்பியைத் தோற்கடித்த டேரன் ஆப்பிள்டன், இங்கிலாந்து எய்ட் பாலில் தொடங்கி நைன் பாலுக்குப் போனவர். ‘பூல் ஆட்டக்காரர்’ என்று ஒருவரைச் சொல்லும்போது எந்த பூல் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

பூலிலிருந்து வந்து ஸ்நூக்கரிலும் நன்றாக ஆடியவர் வேண்டுமென்றால் அலெக்ஸ் பகுலாயனைச் சொல்லலாம். 2004-ல் நைன் பால் உலகச் சாம்பியன். கனடாவின் தேசிய ஸ்நூக்கர் பட்டமும் வென்றவர். ஆனாலும் உலகம் அவரை அறிந்திருப்பது பூல்காரராகத்தான்.

என் பூல் ஸ்டிக்கையே ஸ்நூக்கருக்கும் பயன்படுத்தலாமா? (திருச்சி)

வேண்டாம். பூல் ஸ்டிக்கின் டிப் (பந்தைத் தொடும் நுனி) 12 முதல் 13 மி.மீ.; ஸ்நூக்கருக்கு சுமார் 9½ மி.மீ. வேண்டும். சின்ன வெள்ளைப் பந்தின் மேல் பருத்த டிப்பை வைத்தால் எந்த இடத்தைத் தொடுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஸ்க்ரூ (வெள்ளையைப் பின்னோக்கி வரவைக்கும் அடி) அடிக்கக் கீழே இறக்கினால் துணியை உரசும். 57 முதல் 58 அங்குல நீளம், 17 முதல் 18½ அவுன்ஸ் எடை, ஆஷ் மரம், பித்தளை ஃபெரூல் (டிப்பைத் தாங்கும் வளையம்). இது போதும். முக்கால் அளவில் பிரியும் க்யூவாக (ஸ்டிக்) இருந்தால் நீளம் கூட்டும் மினி பட், எக்ஸ்டென்ஷன் மாட்ட வசதி. வாங்கியபின் டிப்பைத் தவிர எதையும் ஆறு மாதத்துக்கு மாற்றாதீர்கள்.

பாட் (பந்தைப் பாக்கெட்டில் போடுவது) ஓரளவு வருகிறது. ஆனாலும் ஃபிரேம் (ஒரு முழு ஆட்டம்) ஜெயிக்க முடியவில்லை. எங்கே தவறுகிறேன்? (சேலம்)

பூலிலிருந்து வருகிறவர்களிடம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஓட்டை இருக்கும்.

முதலாவது, சைடு: வெள்ளையைப் பக்கவாட்டில் அடித்துச் சுழலவிடுவது. பூலில் துணி வழவழப்பானது. எந்தத் திசையில் அடித்தாலும் ஒன்றுதான். ஸ்நூக்கர் துணியில் மெல்லிய முடி உண்டு. அது ஆட்டம் தொடங்கும் முனையில் உள்ள பாக் கோட்டிலிருந்து கறுப்புப் பந்து இருக்கும் பக்கம் நோக்கிப் படிந்திருக்கும். அந்தத் திசையில் வலது சைடு போட்டு மெதுவாக அடித்தால் பந்து வலது பக்கம் வளையும். எதிர்த்திசையில் அதே வலது சைடு இடது பக்கம் இழுக்கும். சைடு இல்லாமல் மெதுவாக உருட்டினாலும் நடுப் பாக்கெட்டுக்குப் போகிற பந்து முடி படிந்த பக்கம் சாயும். பூலில் எல்லா ஷாட்டுக்கும் கொஞ்சம் சைடு வைக்கும் பழக்கம் கைக்கு வந்திருக்கும். பத்தடித் தூரத்தில் அந்தப் பழக்கம் உங்களைக் கவிழ்த்துவிடும். முதல் மூன்று மாதம் நடுக்கோட்டில் மட்டும் அடியுங்கள்: மேலே, நடுவில், கீழே. முறையே ஃபாலோ (வெள்ளை முன்னே ஓடும்), ஸ்டன் (நின்றுவிடும்), ஸ்க்ரூ. இவற்றை வைத்தே அரைசதம் போடலாம்.

இரண்டாவது, வெள்ளைப் பந்தை அதிகம் ஓடவிடுவது. நைன் பாலில் அடுத்த பந்து மேசையின் அடுத்த முனையில் இருக்கும். இரண்டு மூன்று குஷன் சுற்றி வருவதுதான் அங்கே கலை. ஸ்நூக்கரில் சிவப்புக் கூட்டமும் கறுப்பும் பிங்க்கும் ஒரே பக்கம். ஆறங்குலம், ஓரடி, ஸ்டன், நிறுத்து. நல்ல பிரேக் (ஒரே முறையில் தொடர்ந்து சேர்க்கும் புள்ளிகள்) பார்ப்பதற்குச் சலிப்பாகத்தான் இருக்கும்.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை: சேஃப்டி, அதாவது எதிராளிக்குச் சுலபமான பந்து கிடைக்காதபடி ஆடுவது. பூலில் பந்து தொட்டபின் ஏதாவது ஒன்று குஷனைத் தொட வேண்டும். ஃபவுல் ஆனால் எதிராளிக்கு வெள்ளைப் பந்து கையில். ஸ்நூக்கரில் குஷன் கட்டாயம் கிடையாது. ஃபவுலுக்குக் குறைந்தது 4 புள்ளி. போதிய முயற்சி இல்லை என்று நடுவர் ‘மிஸ்’ சொன்னால் எதிராளி பந்துகளைப் பழைய இடத்தில் வைத்துத் திரும்ப அடிக்கச் சொல்லலாம். வெள்ளைக்கு வழி மறைக்கப்பட்ட ஒரே ‘ஸ்நூக்கர்’ நிலையில் இருபது புள்ளி பறிபோவது உண்டு. பூலில் பழகிய ஜம்ப் ஷாட்டும் இங்கே ஃபவுல். ஆகவே சிவப்பின் ஓரத்தை மெல்லியதாகத் தொட்டு, வெள்ளையை மறுமுனைக் குஷனுக்கு அடியில் ஒட்டவைக்கிற ஷாட் இல்லாமல் ஃபிரேம் ஜெயிக்க முடியாது. பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள். யாரும் கொடுப்பதில்லை, அதனால்தான் சொல்கிறோம்.

கை எட்டாத பந்துக்கு க்யூவைத் தாங்கும் கோலான ரெஸ்ட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பூலில் அதை எடுப்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் உண்டு. பன்னிரண்டடி மேசையில் வழியில்லை. ரெஸ்ட் தலையை ஒரு கையால் மேசையோடு அழுத்துங்கள், க்யூவின் அடியைப் பேனா மாதிரி விரல்களில் பிடியுங்கள், முழங்கையைப் பக்கவாட்டில் விரியுங்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள்.

கைத் தவறைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர் இல்லாமல் ஏதாவது வழி? (நாகர்கோவில்)

மேசையைக் காலி செய்யுங்கள். வெள்ளையை பாக் கோட்டின் நடுவில் உள்ள பிரவுன் புள்ளியில் வையுங்கள். நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளின் மேலாக நேரே அடித்து, எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி வரும் பந்து, அசையாமல் வைத்திருக்கும் உங்கள் டிப்பிலேயே வந்து தொட வேண்டும். வலப்பக்கம் விலகித் திரும்பினால், பெரும்பாலும் தெரியாமல் வலது சைடு வைக்கிறீர்கள். இருபது முறை அடித்து எத்தனை டிப்பைத் தொட்டது என்று எழுதிவையுங்கள். ஏழெட்டுக்கு மேல் வராதவரை நீண்ட பாட் பயிற்சியில் இறங்குவது வீண்.

நிற்கும் விதத்தையும் பாருங்கள். பூலில் சற்று நிமிர்ந்து நின்றாலும் ஓடும். இங்கே தாடை க்யூவைத் தொட வேண்டும். க்யூ நெஞ்சை உரச வேண்டும். விரல் வளையத்துக்குள் க்யூவை விடும் பிரிட்ஜை (க்யூவைத் தாங்கும் கையமைப்பு) மறந்துவிடுங்கள். கட்டைவிரலை உயர்த்திய திறந்த பிரிட்ஜ்தான். இது கைக்கு வந்தபின் சிவப்புகளை நடுக்கோட்டில் வரிசையாக வைத்து, நிறப் பந்துகளைப் புள்ளிகளில் வைத்து ஆடும் ‘லைன் அப்’ தொடங்கலாம்.

டூர் கார்டு எப்படிக் கிடைக்கும்? (சென்னை)

கியூ ஸ்கூல் என்ற தகுதிப் போட்டி 2011 முதல் நடக்கிறது. அதில் ஜெயித்தால் இரண்டு சீசனுக்கு டூர் கார்டு, அதாவது தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமை. நுழையும்போது தரவரிசையில் உங்கள் கணக்கு பூஜ்யம். 2014 முதல் தரவரிசையே பரிசுப் பணத்தை வைத்துத்தான். இரண்டு சீசன் முடிவில் முதல் 64 பேருக்குள் இல்லாவிட்டால் கார்டு போய்விடும். 2022-23 சீசனில், வருமானம் எவ்வளவு குறைந்தாலும் ஒருவருக்கு 20,000 பவுண்டு உறுதி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான ஆட்டங்கள் பிரிட்டனிலும் சீனாவிலும். 2012-ல் டூருக்குப் போன, பல உலகப் பட்டங்கள் வென்ற இந்தியரான பங்கஜ் அத்வானியே 2014-ல் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பயிற்சியில் வாரத்துக்குப் பல சதம் போடாதவர் கியூ ஸ்கூலுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஸ்நூக்கரே பூலிலிருந்து பிறந்தது என்கிறார்கள். உண்மையா? (உதகமண்டலம்)

உண்மை, ஆனால் இன்றைய பூல் இல்லை. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி, சிவப்புப் பந்துகளை வைத்து ஆடிய பிரமிட்ஸையும், நிறப் பந்துகளை வைத்து ஆடிய அன்றைய பூலையும் ஒன்றாகக் கலந்தார். ‘ஸ்நூக்கர்’ என்பது வுல்விச் ராணுவப் பள்ளியின் முதலாண்டு மாணவர்களைக் கேலியாக அழைக்கும் சொல். சுலபமான பந்தைத் தவறவிட்ட சக அதிகாரியை அவர் அப்படிக் கூப்பிட, அதுவே ஆட்டத்துக்குப் பெயராகிவிட்டது. விதிகள் எழுதப்பட்டு பில்லியர்ட்ஸ் அறையில் தொங்கவிடப்பட்டது உங்கள் ஊர் ஊட்டி கிளப்பில்தான்.