வெள்ளை வீழ்படிவு வெள்ளிதானா?

சேர்வராயன் மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சிப் பக்கம் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தபோது, ஈய நிறத்தில் பளபளக்கும் கனமான கற்களும் அவற்றினூடே மஞ்சள் துகள்களும் கிடைத்ததாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அவருடைய மாமா, கல்லைத் தூளாக்கி நைட்ரிக் அமிலத்தில் கரைத்து உப்புத் தண்ணீர் விட்டாராம்; வெள்ளையாகத் திரண்டதும் “வெள்ளிதான்” என்று சொல்லிவிட்டாராம். அதை நம்பலாமா என்பது கேள்வி.

பட்டறைக் கழிவுக்கு அந்தச் சோதனை பொருந்தும். கனிமக் கல்லுக்குப் பொருந்தாது. சதுரச் சதுரமாக உடையும் கனத்த சாம்பல் நிறக் கல் பெரும்பாலும் கலீனா, அதாவது ஈயச் சல்பைடு; அதன் எடையில் 86 சதவீதத்துக்கு மேல் ஈயமே. ஈயமும் நைட்ரிக் அமிலத்தில் கரைந்து, உப்புப் பட்டதும் ஈயக் குளோரைடாக வெள்ளையாகவே படியும். அமிலம் அடர்த்தியாக இருந்தால் உப்பு விடுவதற்கு முன்பே வெள்ளை ஈயச் சல்பேட் அடியில் தங்கிவிடும் என்பதால், கரைசலை வடிகட்டிய பிறகே உப்பு சேர்த்திருக்க வேண்டும். அப்படி வடிகட்டிய கரைசலில் படிந்ததைக் கொதிநீரில் இட்டால் ஈயக் குளோரைடு கரையும், ஆறியதும் ஊசி ஊசியாக மீண்டும் படியும். வெள்ளிக் குளோரைடு கரையாமல் நிற்கும், வெயிலில் கருக்கும்.

மஞ்சள் துகளை ஊசியால் அழுத்திப் பாருங்கள். தங்கமானால் நசுங்கும், பைரைட்டானால் (தங்கம்போல் மினுங்கும் இரும்புச் சல்பைடு) நொறுங்கும், மெருகில்லாத ஓட்டில் தேய்த்தால் கருமையான கோடு விழும்.

இவ்வளவு சொன்னதால் வெள்ளியே இராது என்று பொருளல்ல. பூமிக்கடியில் சுழலும் சூடான உப்புநீர் ஈயம், துத்தநாகம், செம்பு, வெள்ளி ஆகியவற்றைக் குளோரைடாகச் சேர்த்தே சுமந்து வந்து, கந்தகத்தைச் சந்திக்கும் இடத்தில் ஒருசேரப் படிய விடுகிறது. அப்போது வெள்ளி, ஆண்டிமனியோடு இணைந்து கலீனாவின் படிக அமைப்புக்குள்ளேயே ஈயத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அல்லது கண்ணுக்குத் தெரியாத வேறு கனிமத் துணுக்குகளாக அதற்குள் பொதிந்திருக்கும். தமிழ்நாட்டின் மாமண்டூரிலும் ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றோடு வெள்ளி காணப்படுகிறது. ஆனால் கலீனாவில் வெள்ளி டன்னுக்கு இத்தனை கிராம் என்றே பேசப்படுகிறது. டன்னுக்கு ஒரு கிலோ இருந்தால்கூட அது 0.1 சதவீதம்தான். மாமாவின் பாத்திரத்தில் திரண்டதில் ஏறத்தாழ முழுவதும் ஈயம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

உறுதியான விடை வேண்டுமானால் உலை மதிப்பீடு செய்யும் கனிம ஆய்வகத்துக்கே அனுப்ப வேண்டும். அங்கே கல்தூளை மிருதாரசிங்கி (ஈய ஆக்சைடு), சோடா, வெங்காரம் ஆகியவற்றோடு உருக்குவார்கள். உருவாகும் ஈயம் வெள்ளியையும் தங்கத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். அந்த ஈயக்கட்டியை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் காய்ச்சினால், ஈயம் ஆக்சைடாகி, பெரும்பகுதி கிண்ணத்துக்குள் ஊறிவிட, மிஞ்சும் சிறு மணியே நிறுக்கப்படுகிறது. மிருதாரசிங்கியிலேயே வெள்ளி சிறிது இருக்கக்கூடும் என்பதால், கல் சேர்க்காத வெற்றுச் சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். நகைக்கடையில் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்-கதிர்க் கருவி ஆபரண உலோகத்துக்காக அமைக்கப்பட்டது. கல்லில் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. மினுங்கும் கற்களை மட்டும் பொறுக்கி அனுப்புவதும் வீண். குவியலின் பல பக்கங்களிலிருந்தும் எடுத்து, கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிரான இரு பங்குகளை மட்டும் வைத்து அளவைக் குறைத்து அனுப்புங்கள்.

வீட்டில் வறுத்தோ உருக்கியோ பார்க்க வேண்டாம். கந்தகப் புகையும் ஈய ஆவியும் எழும், ஆர்சனிக் கலந்திருந்தால் இன்னும் கேடு. குத்தகை இல்லாமல் கனிமம் எடுத்து விற்க 1957ஆம் ஆண்டுச் சுரங்க, கனிமச் சட்டமும் இடம் தராது. மாமா பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் கொட்டாமல் மூடி வையுங்கள். கிணற்று நீரையும் ஈயத்துக்காகச் சோதியுங்கள்: குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், முடிவு வரும்வரை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம்.