கனடா உணவகங்களில் டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?

மேசையில் அமர்ந்து, பரிமாறுபவர் வந்து கவனிக்கும் உணவகமென்றால் 15 முதல் 20 சதவீதம் வைப்பது அங்கே வழக்கம். சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் ஒன்றுமே வைக்காமல் எழுந்தால் சேவையில் ஏதோ குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பலரும் கூடுதலாகக் கொடுத்துவிடுவது கார்டு இயந்திரத்தில்தான். அது காட்டும் சதவீதம் பெரும்பாலும் வரி சேர்ந்த தொகைக்கு. ஒன்ராறியோவில் 60 டாலர் சாப்பாடு 13 சதவீத வரியோடு 67.80 ஆகும். சாப்பாட்டு விலைக்கு 15 சதவீதம் 9 டாலர். இயந்திரக் கணக்கில் 10.17. நாமே தொகையைப் போடும் வசதி அதில் இருக்கும், தயங்காமல் பயன்படுத்துங்கள். கியூபெக்கில் 2025 மே முதல் வரிக்கு முந்தைய தொகையில்தான் கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்பது சட்டம், நல்ல மாற்றம்.

ஆறு, எட்டுப் பேராகப் போனால் பில்லை முழுதும் படியுங்கள். டிப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். கவனிக்காவிட்டால் இரண்டு முறை கொடுப்பீர்கள். தனித்தனி பில் வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே அது சாதாரணம்.

கவுண்டரில் காபி வாங்கினால் டிப்ஸ் உங்கள் விருப்பம். டாக்சிக்கு 10 முதல் 15 சதவீதம்.