ஒன்பது பேரும் ஒன்றாகப் போய்ச் சேர முடியுமா?

கேள்வி: 1936-ல் ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் ஒரு விவசாயக் குடும்பத்தைப் பற்றிக் குறுநாவல் எழுதியிருக்கிறேன். தாத்தா முதல் சின்னப் பேத்தி வரை ஒன்பது பேர். சல்லிசா ஊரில் இருந்த நிலம் புழுதிப்புயலில் பாழாகிப்போக, லாரியில் கிளம்பி, ஜூன் மாதம் போய்ச் சேர்ந்து பருத்தி எடுக்கிறார்கள். எத்தனை கஷ்டம் வந்தாலும் குடும்பம் சிதறவில்லை என்பதுதான் கதை. படித்த தோழிகள் "கஷ்டம் தெரிகிறது, பாசமும் தெரிகிறது, ஆனால் நம்ப முடியவில்லை" என்கிறார்கள். எங்கே பிசகு?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்தோம். தோழிகள் சொன்னது சரிதான். உங்கள் ஒன்பது பேரும் சேர்ந்திருப்பதற்காக ஒரு காசுகூட இழக்கவில்லை. "நாம பிரியக் கூடாது" என்று அம்மா மூன்று இடத்தில் சொல்கிறாள்; மூன்று இடத்திலும் பிரியும் தேவையே யாருக்கும் வரவில்லை. பிரிந்தால் லாபம் என்று கண்ணுக்கு முன்னால் தெரியவேண்டும். அதை உதறிவிட்டு அவர்கள் சேர்ந்திருக்கும்போதுதான் அந்த வார்த்தைக்கு எடை வரும்.

இந்த வகைக் கதைகளில் முதலில் நினைவுக்கு வருவது ஜான் ஸ்டைன்பெக் 1939-ல் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு லாரியில் போகும் ஜோட் குடும்பத்தின் கதை. வழியில் கூடச் சேர்ந்த தம்பதியின் கார் கனெக்டிங் ராடு பேரிங் போய் நின்றுவிடுகிறது. மூத்தவர் பிள்ளைகளோடு லாரி முன்னே போகட்டும், நானும் கூட வரும் முன்னாள் போதகர் கேஸியும் இருந்து காரைச் சரிசெய்துகொண்டு வருகிறோம் என்கிறான் மகன் டாம். யோசித்தால் நல்ல யோசனை. முன்னே போகிறவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைக்கும், கையிருப்பும் கரையாது. அப்பா தலையாட்டிவிடுகிறார். அம்மாவோ ஜாக்கி கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் வரமாட்டேன் என்று நின்றுவிடுகிறாள். நமக்கென்று மிஞ்சியிருப்பது இந்தக் குடும்பம் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. பிறகு டாமும் தம்பி அல்லும் காயலான் கடை தேடிப்போய்ப் பழைய ராடு வாங்கி வந்து மாட்டுகிறார்கள். அவளை எதிர்த்து நிற்பது கெட்டவன் எவனும் இல்லை, நியாயமான கணக்கு. உங்கள் கதையில் அந்தக் கணக்கைக் காணோம்.

அதற்கு முன் இரண்டு தகவல் பிழைகளைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கதையின் காரணமே அவற்றில்தான் நிற்கிறது. சல்லிசா ஓக்லஹோமாவின் கிழக்கு ஓரத்து ஊர். கடும் புழுதிப்புயல் வீசிய பகுதி மாநிலத்தின் மேற்குக் கைப்பிடி போன்ற நிலப்பரப்பு, அதை ஒட்டிய டெக்சாஸ், கன்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ ஓரங்கள். கிழக்கில் இருந்தவர்களை விரட்டியதில் பெரும்பங்கு வறட்சிக்கும், விழுந்துபோன பருத்தி விலைக்கும், டிராக்டருக்கும். 1933-ன் வேளாண் சட்டம் பருத்தி பயிரிடும் பரப்பைக் குறைப்பதற்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணம் பெரும்பாலும் நிலச் சொந்தக்காரர் கைக்கே போனது. அவர் தன் நிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிரிட்டவர்களை வெளியேற்றிவிட்டு டிராக்டர் வாங்கினார். ஆகவே உங்கள் தாத்தாவை நிலச் சொந்தக்காரராக வைக்காமல் வாரதாரராக மாற்றுங்கள். புயல் அடித்து ஒரு குடும்பம் போனால் இயற்கையை நொந்துகொள்வோம். காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வெளியேற்றினால் யாரை அடிப்பது என்றே தெரியாது. அந்தக் கோபம் வீட்டுக்குள்தான் திரும்பும். அப்பா மகன் மேல் பாய்வார், மகன் மருமகள் மேல். குடும்பத்தின் முதல் விரிசலுக்கு இடம் அதுதான்.

இரண்டாவது, மாதம். கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் ஜூனில் எடுக்கப் பருத்தி இருக்காது. பீச் பழம் கோடைக்காலத்தில். திராட்சை அதன் பின்னால். பருத்தி இலையுதிர்காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் தொடும் வரை. அதற்குப் பின் மழை, வேலையே இல்லாத மாதங்கள். ஓராண்டு குடியிருந்தவருக்குத்தான் மாநில நிவாரணம் என்று அப்போது இருந்த விதி வேறு. கஷ்டத்தின் உச்சம் பயணத்தில் இல்லை, அறுவடை முடிந்த அந்த ஈரமான மாதங்களில் இருக்கிறது. நீங்கள் அதை அரைப் பக்கத்தில் தாண்டிப்போய்விட்டீர்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு நோட்டை எடுத்து ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் நான்கு வரி எழுதுங்கள்: வேலை செய்யும் கைகள் எத்தனை, சோறு கேட்கும் வாய்கள் எத்தனை, கையில் காசு எவ்வளவு, வண்டி ஓடுமா. உதாரணத்துக்குப் பருத்தியை எடுப்போம். ஸ்டைன்பெக் நாவலில் முதல் எடுப்புக்கு 100 பவுண்டுக்கு 80 சென்ட் கூலி. பை இல்லாதவருக்கு ஒரு டாலரில் பை கொடுத்து அதைக் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். கைதேர்ந்த பெரியவர் இருவர் நாளுக்கு 200 பவுண்டு வீதமும், பிள்ளைகள் இருவர் 50 பவுண்டு வீதமும் எடுப்பதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 500 பவுண்டு, 4 டாலர். பிள்ளைகள் இருவருக்கும் ஒரே பை என்றால், முதல் நாள் மூன்று பைக்கு 3 டாலர் கழித்தால் மிச்சம் 1 டாலர். ஒன்பது வாய். இப்போது பாட்டிக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தால் 200 பவுண்டு, அதாவது 1 டாலர் 60 சென்ட் போய்விடும். "நான் இருக்கேன், நீங்க போங்க" என்று மருமகள் சொல்வதற்கும், மாமனார் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பதற்கும் நீங்கள் விளக்கமே எழுத வேண்டாம். வாசகர் கணக்கைப் போட்டுக்கொள்வார்.

ஒரு டாலர் என்பது எவ்வளவு சாப்பாடு என்பதையும் காட்டவேண்டும். அதே நாவலில் குடும்பமாகப் பீச் பறித்து, பெட்டிக்கு 5 சென்ட் வீதம் 20 பெட்டிக்கு ஒரு டாலர் சேர்க்கிறார்கள். அது ரொக்கமாக வராது, தோட்டத்துக் கடையில் எழுதிக்கொள்ளும் கடனாக வரும். அங்கே விலையும் கூடுதல். கொத்துக்கறி, ரொட்டி, உருளைக்கிழங்கு, காப்பித்தூள் என்று வாங்கியதுமே டாலர் தீர்ந்துவிடுகிறது, சர்க்கரைக்குக் காசில்லை. கடைப் பணியாளர் தன் பையிலிருந்து 10 சென்ட் போடுகிறார். சாப்பிட்டு முடித்தும் எல்லாருக்கும் பசி. வறுமையைப் பற்றி இந்த நாவலில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

அடுத்தது அதிகாரம் கைமாறுவது. நிலம் இருந்த வரைக்கும் எதை எப்போது விதைப்பது என்று அப்பா முடிவு செய்தார். சாலையில் அந்த அறிவுக்கு வேலை இல்லை. எது கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, யாருக்கு எவ்வளவு என்று தெரிந்தவள் அம்மா. வண்டி தெரிந்தவன் இளைய மகன். ஆகவே முடிவெடுப்பது அவர்களிடம் நகரும், அப்பாவுக்கு அது சுருக்கென்று தைக்கும். உங்கள் கதையில் கடைசி வரை அப்பாவே கட்டளையிடுகிறார், அது ஒட்டவில்லை.

யாரும் பிரியாமல் முடிக்கவேண்டும் என்ற பிடிவாதத்தையும் விடுங்கள். ஜோட் குடும்பம் கிளம்பும்போது பன்னிரண்டு பேர், கூட வந்த கேஸியோடு பதின்மூன்று. தாத்தா வழியிலேயே இறக்கிறார். பாலைவனத்தைக் கடக்கும் இரவில் பாட்டி இறந்துவிட, எல்லாரையும் அக்கரை சேர்ப்பதற்காக அம்மா விடியும்வரை யாரிடமும் சொல்லாமல் பிணத்தோடு படுத்திருக்கிறாள். ஒருவன் ஆற்றோரமாய் நடந்து போய்விடுகிறான், மருமகன் கர்ப்பிணி மனைவியை விட்டு ஓடுகிறான், டாம் தலைமறைவாகிறான். கடைசிக் காட்சியில் மிஞ்சுவது ஆறு பேர். ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு காரணம் என்பதைக் கவனியுங்கள். எல்லாரையும் பசியே கொண்டுபோனால் அலுத்துவிடும்.

குடும்பம் சிறுக்கும்போதே அதன் எல்லை விரியவும் வேண்டும். ஜோட் தாத்தா சாவது அந்நியர் கூடாரத்தில். பெயர் தெரியாதவர் தந்த இடம், அடுத்த கூடாரத்துக் குழந்தைக்கு ஊற்றிய கஞ்சி என்று ஒன்றிரண்டு இடத்தில் உங்கள் அம்மாவின் கணக்கு நோட்டிலும் வெளியாள் ஒருவர் 'வாய்' பத்தியில் ஏறட்டும்.

குடும்பத்துக்குள் மெல்லிய குரலில் எழுத விரும்பினால் சனோரா பாப் எழுதிய 'ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்நோன்' படியுங்கள். அவர் 1938-ல் கலிஃபோர்னிய அரசு முகாம்களில் பணியாற்றியவர். ஸ்டைன்பெக் நாவல் முந்திக்கொண்டதால் பதிப்பகம் அவருடையதைக் கைவிட்டது, 2004-ல்தான் அச்சேறியது. புழுதிப்புயல்தான் வேண்டும் என்றால் உங்கள் குடும்பத்தை அதில் வருவதுபோல் மேற்கு ஓக்லஹோமாவுக்கே குடிமாற்றலாம், ஆனால் அப்போது பருத்தி வாரத்தை எடுத்துவிட்டுக் கோதுமையை வைக்கவேண்டும்.

திருத்தும்போது முதலில் அம்மாவின் அந்த மூன்று வசனத்தையும் வெட்டிவிடுங்கள். பிறகு ஜூனை அக்டோபராக்கி, முதல் நாள் எடை போடும் இடத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்குங்கள்: தராசு, கழித்த பைக்காசு, கையில் விழுந்த ஒரு டாலர், அதை அப்பா வாங்குகிறாரா அம்மா வாங்குகிறாளா என்பது.