விமான எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று ஏன் சோதிக்கிறார்கள்?

விமான எரிபொருள் டெக்னீஷியன் குழாயை மாட்டிவிட்டு நிற்பவர் மட்டும் அல்ல. எரிபொருளில் தண்ணீரோ தூசியோ இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான். நம் சென்னை மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் தயாராகும் இந்த எரிபொருள், மண்ணெண்ணெயின் நெருங்கிய சொந்தம்.

தொட்டியின் அடியிலிருந்து கண்ணாடி ஜாடியில் பிடித்து, சுழற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் சிரிஞ்சில் மஞ்சள் வில்லையைப் பொருத்தி எரிபொருளை இழுப்பார்கள். வில்லை பச்சையானால் தண்ணீர் இருக்கிறது. அதை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? உயரத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போகும். தண்ணீர் பனிக்கட்டியாகி வடிகட்டியை அடைத்துவிடும். வண்ணாரப்பேட்டையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தவர்களுக்குத் தெரியும்: கேன் அடியில் தங்கிய தண்ணீர் கலந்தால் ஸ்டவ் படபடவென்று பொரியும். அங்கே தாமதமாவது சோறு மட்டும்தான்.

தண்ணீர் இருந்தாலே கலப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை: தொட்டி குளிரும்போது காற்றிலுள்ள ஈரமே உள்ளே வேர்த்து இறங்கும்.