இலங்கைக்குச் சுற்றுலா செல்ல ஆதார் அட்டை போதுமா?

போதாது. நேபாளத்திற்கும் பூட்டானுக்கும் இந்தியர்கள் வாக்காளர் அடையாள அட்டையுடன் சென்றுவர முடிவதால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கைக்கும் ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டையே போதும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் விமானத்தில் சென்றாலும், 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலில் சென்றாலும், கடவுச்சீட்டு கட்டாயம். இலங்கையில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்களுக்கு அது செல்லுபடியாக வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது, 2012 முதல் நடைமுறையில் உள்ள இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதி. சுற்றுலாவுக்கு வழக்கமாக 30 நாட்கள் தரப்படும் இந்த அனுமதிக்கான கட்டண விதிகள் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருப்பதால், பயணச்சீட்டு வாங்கும் முன், இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். அதே தோற்றத்தில் இயங்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் பணம் பறிக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் பெயரும் எண்ணும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, தலைப்பெழுத்தின் விரிவு உட்பட, அமைய வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

திரும்பி வருவதற்கான பயணச்சீட்டையும், தங்குமிட முகவரியையும், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றையும் அதிகாரிகள் கேட்கக்கூடும். இவற்றை அச்சிட்டு வைத்திருப்பது நல்லது.