மூன்றாம் நாளில் அடியில் இறங்கிய பாலிகீட் புழுக்குஞ்சுகள்

கேள்வி: தாய் இறாலுக்குத் தீவனமாகும் நெரீஸ் வகைப் பாலிகீட் (உடலில் முட்கள் கொண்ட கடற்புழு) புழுக்களைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்கிறேன். முட்டையிட்ட மறுநாள் குஞ்சுகள் வெளிச்சம் விழும் பக்கத்தில் திரளாக மிதந்தன. மூன்றாம் நாள் காலையில் மேலே ஒன்றும் இல்லை. அடியில் பழுப்புப் படலமாகக் கிடக்கின்றன. இறந்துவிட்டனவா? காற்றை வேகமாக விடலாமா?

பதில்: காற்றை வேகப்படுத்த வேண்டாம். நீங்கள் கண்டது பெரும்பாலும் சாவு அன்று, வளர்ச்சி.

இந்தக் குஞ்சு கடல்நீரைவிடச் சற்றே கனமானது. உடலுக்குள் இருக்கும் எண்ணெய்த் துளிகள் எடையைக் குறைக்கின்றனவே தவிர, அதைத் தாமாக மிதக்க வைப்பதில்லை. உருண்டையான உடலின் நடுவே ஒட்டியாணம் கட்டியதுபோல் ஒரு வளையமாக நிற்கும் நுண்மயிரிழைகள் அலை அலையாக நீரைப் பின்னோக்கித் தள்ளுவதால்தான் குஞ்சு தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, திருகுசுருள் பாதையில் முன்னேறுகிறது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த உடலுக்கு நீர் பாகுபோல் தடிப்பாக இருப்பதால், இழைகள் நின்ற நொடியிலேயே ஓட்டமும் நின்று, குஞ்சு கீழே இறங்கத் தொடங்குகிறது. அது மேலே இருப்பது முழுக்க முழுக்க உழைப்பினால்தான்.

வெளிச்சத்தை நோக்கித் திரும்புவதும் இதே இழைகளைக் கொண்டுதான். ஐரோப்பியக் கடற்கரைகளில் வாழும் பிளாட்டினெரீஸ் புழுவை வைத்து 2008இல் வெளியான ஆய்வு, குஞ்சின் இரு கண்புள்ளிகளும் அருகிலுள்ள இழைச் செல்களோடு நேரடி நரம்புத் தொடர்பு கொண்டவை என்றும், ஒளி பட்ட பக்கத்து இழைகளின் அடிப்பு மாறுவதால் குஞ்சு ஒளியை நோக்கித் திரும்புகிறது என்றும் காட்டியது. அதே புழு 18 டிகிரி வெப்பநிலையில் மூன்று நாளில் மூன்று உடல் வளையங்களும் (கண்டங்கள்), இருபுறமும் முட்கள் துருத்திய பக்கக்கால்களும் கொண்ட நீள்வடிவத்தை அடைகிறது. நம் கரையோரத் தொட்டிகளின் வெப்பத்தில் வளர்ச்சி பொதுவாக இன்னும் விரைவாக நடக்கும் என்பதால், உங்கள் குஞ்சுகள் தரை தேடும் பருவத்தை எட்டியிருக்க வேண்டும்.

உறுதி செய்ய, அடிப்படலத்தில் சிறிது எடுத்துத் தொட்டி நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையில் விட்டு, உருப்பெருக்கியால் பாருங்கள். உயிருள்ளவை நெளியும், அல்லது முட்களை விரித்து மடக்கும்; நுண்ணோக்கி இருந்தால் இழைகளின் துடிப்பும் தெரியும். இறந்தவை வெளுத்து, விளிம்பு கலைந்து கிடக்கும்.

அவை இன்னும் முட்கள் முளைக்காத உருண்டைகளாகவே அடியில் கிடந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும். மழைநீர் கலந்து உப்புத்தன்மை திடீரெனக் குறைந்ததா, எஞ்சிய முட்டைகளும் விந்தும் அழுகி நீர் கெட்டதா என்று உடனே பாருங்கள். நீர் இலேசானால் குஞ்சு விரைவாக இறங்கும், உப்பு மாற்றத்தின் அதிர்ச்சியில் இழைகளும் ஓய்ந்துவிடும். பலத்த குமிழிகள் மென்மையான குஞ்சுகளைச் சிதைத்து நுரையில் ஒட்டவைக்கும் என்பதால், அந்த நிலையிலும் மெல்லிய காற்றே போதும்.

முட்கள் தென்பட்டால், நன்றாகக் கழுவிய நுண்மணலை மெல்லிய படுகையாகப் பரப்பிய வேறொரு தொட்டிக்கு, அதே உப்பளவுள்ள நீரில், மென்மையான குழாய் வழியே மாற்றுங்கள். எண்ணெய்த் துளிகள் கரைந்து குடல் தெளியத் தொடங்கும்போது டெட்ராசெல்மிஸ் பாசியைச் சிறிது சிறிதாகக் கொடுக்கத் தொடங்கலாம்.