ராத்திரி நின்ற வண்டியில் ஏர் எங்கே போனது?

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்ததிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கிலும் வாங்கிப் போட்ட பழைய பஸ்ஸுக்குள் கட்டில், அடுப்பு, கழிவறை கட்டி மலை ஏறுகிற ஆசை பலருக்கு வந்துவிட்டது. ஆசை நல்லதுதான். உள்ளே ஏசி எத்தனை டன் என்று கேட்பவர்கள் அடியில் இருக்கிற ஏர் டேங்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை. இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏர் பிரேக் பற்றியவை மட்டும்.

கேள்வி: ஐயா, பழைய பஸ் ஒன்றை வாங்கி கேரவனாக மாற்றியிருக்கிறேன். மாலையில் 8 கிலோ அழுத்தத்துக்கு ஏர் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் காலையில் மீட்டரில் ஒரு முள் பூஜ்யத்தில் கிடக்கிறது, இன்னொன்று 5-ல் நிற்கிறது. மெக்கானிக் கம்ப்ரஸரையும் பின் சக்கரத்து இரண்டு பூஸ்டரையும் மாற்றச் சொல்கிறார். குமுளி வழியாக வாகமண் போக வேண்டும். மாற்றிவிடலாமா?
– கம்பத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: அவசரப்பட்டு எதையும் மாற்றாதீர்கள். கம்ப்ரஸரின் வேலை என்ஜின் ஓடும்போது காற்றை அடைப்பது, அவ்வளவுதான். என்ஜினை நிறுத்தியபின் காற்று அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க இடையில் ஒருவழி வால்வு இருக்கிறது. அதனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஏர் இறங்குவதற்குக் கம்ப்ரஸரைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் வண்டியில் ஏர் ஏற வழக்கத்தை விட நேரம் எடுக்கிறது என்று நீங்கள் எழுதவும் இல்லை.

பூஸ்டர் என்பது காற்றை வாங்கிச் சக்கரத்தின் பிரேக்கைத் தள்ளுகிற டப்பா. அதன் விஷயம் இன்னும் சுவாரசியமானது. பின் சக்கரத்து பூஸ்டரில் இரண்டு அறை உண்டு. ஒன்று நீங்கள் பெடலை மிதிக்கும்போது மட்டும் காற்று வாங்குகிற அறை. இன்னொன்றில் பெரிய ஸ்பிரிங் இருக்கும், ஹேண்ட் பிரேக்கை எடுக்கும்போது காற்று உள்ளே போய் அந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும், ஹேண்ட் பிரேக் போட்டால் அந்தக் காற்று வெளியே போய் ஸ்பிரிங் தானாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்போது யோசியுங்கள். ராத்திரி வண்டி நிற்கும்போது பெடலில் கால் இல்லை, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது, அதாவது பூஸ்டரின் இரண்டு அறையிலும் காற்றே கிடையாது. காற்று இல்லாத இடத்திலிருந்து காற்று எப்படிக் கசியும்? உள்ளே இருக்கும் ரப்பர் டயாபிராம் கிழிந்தே இருந்தாலும் உங்கள் ராத்திரிக் கசிவுக்கு அது காரணமாக இருக்க முடியாது.

அப்படியானால் மிச்சம் என்ன? டேங்க், அதன் அடியில் உள்ள தண்ணீர் திறக்கும் வால்வு, டேங்கிலிருந்து ஃபுட் வால்வு (பெடலோடு இருப்பது), ரிலே வால்வு (பின் பூஸ்டருக்குக் காற்றைச் சட்டென்று அனுப்புவது), ஹேண்ட் பிரேக் வால்வு வரைக்கும் போகிற பைப்புகள், அந்த வால்வுகளின் உள் சீட். இவற்றில்தான் எப்போதும் காற்று நிற்கிறது. ஒரு முள் மட்டும் பூஜ்யத்துக்குப் போகிறது என்றால், முன் பிரேக், பின் பிரேக் என்று தனித்தனியாக ஓடுகிற இரண்டு லைனில் ஒன்றுதான் கசிகிறது. எந்த முள் எந்த லைன் என்று கையேட்டில் பாருங்கள், தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும். இதுவே இரண்டு முள்ளும் சேர்ந்து ஓரளவு இறங்கி அங்கேயே நின்றால், கதவு, ஹார்ன், ஏர் சஸ்பென்ஷன் பக்கம் கசிவு என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்தப் பக்கம் ஒழுகும்போது லைன்களைப் பிரித்து வைக்கிற பாதுகாப்பு வால்வு மூடிக்கொண்டு பிரேக்குக்கு உரியதைக் காப்பாற்றும்.

கேரவன் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் பாடி கட்டியவர்கள் மேல்தான். கதவு சிலிண்டருக்கோ படிக்கட்டுக்கோ காற்று வேண்டும் என்று பிரேக் டேங்கிலேயே ஒரு டீ ஜாயிண்ட் போட்டு எடுத்திருப்பார்கள். கதவு, ஹார்னுக்கான உபரி லைனில் எடுக்க வேண்டியதை பிரேக் லைனில் எடுப்பது பெரிய தப்பு. அடுத்து, புதிதாகத் தொங்கவிட்ட தண்ணீர் டேங்கின் ஃப்ரேமில் நைலான் பைப் உரசித் தேய்ந்திருக்கும், அல்லது ஜெனரேட்டரின் புகைக்குழாய்ச் சூட்டில் இளகியிருக்கும். நான் முதலில் குனிந்து பார்க்கிற இடங்கள் இவை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, முழு ஏர் ஏற்றி என்ஜினை அணைத்துவிடுங்கள். சூடான காற்று ஆறும்போது முள் கொஞ்சம் இறங்கும், அதற்கு இரண்டு நிமிடம் விட்டுவிட்டுக் கணக்கை ஆரம்பியுங்கள். ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் 10 நிமிடம், எடுத்த நிலையில் 10 நிமிடம், அப்புறம் ஒருவரை பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்கச் சொல்லிச் சில நிமிடம், மூன்றையும் எழுதி வையுங்கள். மிதிக்காதபோது முள் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால் தேட வேண்டிய கசிவு. ஹேண்ட் பிரேக் எடுத்தபோது மட்டும் ரிலே வால்வின் வாயில் சீறி, போட்டவுடன் நின்றால் அப்போது பூஸ்டரின் உள் சீலைச் சந்தேகப்படலாம். மிதித்தால் மட்டும் இறங்கினால் டயாபிராம், அல்லது பெடலுக்குப் பின்னால் ஓடும் ஹோஸ். உங்களுக்கு முதல் நிலையிலேயே இறங்கும் என்று நினைக்கிறேன். சோப்பு நுரையை டேங்கின் டிரெய்ன் வால்விலிருந்து தடவ ஆரம்பியுங்கள், அங்கே ஒரு மணல் துணுக்கு சிக்கியிருந்தாலே காலையில் முள் படுத்துவிடும். டேங்கின் உடம்பிலேயே துரு பிடித்துக் கசிந்தால் மாற்றிவிடுங்கள். வெல்டிங் வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதைச் சரி பண்ணாமல் லோயர் கேம்ப்பைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் ஒதுங்கி நின்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிற மாதிரி சாலை இல்லை.

கேள்வி: என் மினி பஸ் கேரவனில் ஏர் ஏற ரொம்ப நேரம் ஆகிறது. ஏறியபின் பிரேக்கே மிதிக்காவிட்டாலும் டிரையர் அடிக்கடி 'புஸ்' என்று விடுகிறது. டேங்கைத் திறந்தால் கறுப்பாக எண்ணெய் வருகிறது. டிரையர் கார்ட்ரிட்ஜ் மாற்றியும் பலனில்லை.
– உத்தமபாளையம் வாசகர்

பதில்: முந்தைய கடிதக்காரரிடம் கம்ப்ரஸரைத் தொடாதே என்றேன், உங்களிடம் அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். டேங்கில் கொஞ்சம் வெளிறிய தண்ணீர் வருவது சகஜம், கெட்டியாகக் கறுப்பு எண்ணெய் வருவது கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்ததற்கு அடையாளம். அந்த எண்ணெய்தான் டிரையருக்குள் போய் ஈரத்தை உறிஞ்சும் மணிகளை மூடிவிடுகிறது. மூலத்தைச் சரி செய்யாமல் கார்ட்ரிட்ஜ் மாற்றினால் புதியதும் சீக்கிரமே பாழாகும்.

ஆனால் கம்ப்ரஸரைக் கழற்றும் முன் அது காற்று இழுக்கிற ஃபில்டரைப் பாருங்கள். அது அடைத்திருந்தாலும் எண்ணெய் அதிகமாக மேலே வரும். அடுத்து, கம்ப்ரஸரிலிருந்து டிரையருக்கு வரும் பைப்பைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள், கரி பிடித்துச் சந்து குறுகியிருக்கும். ஏர் ஏறத் தாமதமாவதற்கு இது ஒன்றே போதும். பைப்பையும் சுத்தம் செய்யாமல் புது கம்ப்ரஸர் போட்டால் அதுவும் சூடாகிக் கெடும்.

'புஸ்' பற்றி: ஏர் நிறைந்து கட்-ஆஃப் ஆகும்போது டிரையர் ஒருமுறை உரக்க விட்டால் அது தன் வேலையைச் செய்கிறது. பிரேக் தொடாமலே நிமிடத்துக்கு நிமிடம் விட்டால் எங்கோ ஏர் ஒழுகுகிறது, அல்லது டிரையரின் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை, அல்லது டேங்கில் பாதி தண்ணீரே நின்று காற்றுக்கு இடமில்லாமல் போய்விட்டது. மூன்றாவதைச் சோதிக்கக் காசு செலவில்லை, வால்வைத் திறந்தால் தெரிந்துவிடும். தென்மேற்குப் பருவமழையில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் சுற்றுகிறவர்கள் தினமும் திறந்துவிட வேண்டும். ஏறும்போதே நிற்காமல் சீறிக்கொண்டிருந்தால் டிரையரின் அடி வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

கேள்வி: குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்கும்போது பாதி வழியில் பசர் அடித்தது. மீட்டர் 5-க்கும் கீழே போனது. கீழே சமதளத்தில் எல்லாம் சரி, கசிவு எதுவும் இல்லை என்கிறார்கள். பயமாக இருக்கிறது, அண்ணே.
– போடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான், தம்பி. கசிவு இல்லை என்றால் நீங்கள்தான் ஏரைச் செலவழித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் பூஸ்டரில் இருந்த காற்று வெளியே போகிறது, அடுத்த மிதிக்கு டேங்கிலிருந்து புதுக் காற்று வர வேண்டும். பெடலை இறக்கம் முழுக்கத் தட்டித் தட்டி மிதிப்பது சில்லறையாகவே சேமிப்பைத் தீர்ப்பது மாதிரி. அதோடு நீங்கள் மேல் கியரில் இறங்கியிருப்பீர்கள், என்ஜின் மெதுவாகச் சுற்றினால் கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் அடைக்கும், வரவு குறைவு, செலவு அதிகம். கியரைக் குறைத்தால் என்ஜினே வண்டியைப் பிடிக்கும், சுற்று கூடுவதால் ஏரும் ஏறும். நியூட்ரலில் டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பற்றி நான் எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள், எக்ஸாஸ்ட் பிரேக் (என்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) இருந்தால் போடுங்கள். வேகம் கூடினால் ஒருமுறை அழுத்தமாக மிதித்து 8, 10 கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்து முழுசாக விட்டுவிடுங்கள். இன்னொரு காரணமும் பார்க்க வேண்டும், ஸ்லாக் அட்ஜஸ்டர், அதாவது பூஸ்டரின் தண்டுக்கும் பிரேக்குக்கும் இடையில் இருக்கிற லீவர். அது தளர்ந்திருந்தால் பூஸ்டரின் தண்டு தேவைக்கு மேல் நீள வேண்டியிருக்கும், அதற்கு ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் காற்று, ஆனால் பிடிமானம் குறைவு. சமதளத்தில் இது தெரியாது. இறக்கத்தில் டிரம் சூடாகி விரியும்போது லைனர் இன்னும் தூரம் போக வேண்டியிருப்பதால் மறைந்திருந்த கோளாறு வெளியே வரும். நான்கு சக்கரத்திலும் அட்ஜஸ்ட்மெண்ட் பார்த்துவிட்டு மறுபடி மலைக்குப் போங்கள்.

பசர் அடித்தால் அடுத்த வளைவு வரை போகலாம் என்று நினைக்கக் கூடாது. ஏர் இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் தானாகவே பின் சக்கரத்தைப் பிடிக்கத் தொடங்கும், அது நீங்கள் விரும்புகிற இடத்தில் பிடிக்காது. கையில் பிரேக் இருக்கும்போதே ஓரம் கட்டுங்கள், சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆற விடுங்கள், விரிசல் விட்டுவிடும்.

கேள்வி: என்னிடம் டிராவலர் வேனில் கட்டிய கேரவன். அதில் ஏர் டேங்க் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. – குமுளி வாசகர்

பதில்: இருந்தால்தானே தெரியும்! அது ஹைட்ராலிக் பிரேக், வேக்யூம் பூஸ்டரோடு வரும். பிரேக் ஆயில் மட்டத்தையும், எப்போது மாற்றினீர்கள் என்பதையும் பாருங்கள். பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்து, இறக்கச் சூட்டில் கொதித்தால் பெடல் தரை வரை போய்விடும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் பெரிய டீசல் மோட்டார்ஹோம் வாங்கியிருக்கிறான். மீட்டரில் 120 என்று காட்டுகிறதாம், எங்கள் பஸ்ஸில் 8 தானே, ஆபத்தில்லையா? – தேனியிலிருந்து ஒரு தாய்

பதில்: ஆபத்தில்லை அம்மா. அங்கே பி.எஸ்.ஐ. கணக்கு, ஒரு கிலோ என்பது கிட்டத்தட்ட 14 பி.எஸ்.ஐ., ஆகவே 120 என்பது நம்முடைய எட்டரை கிலோ. பொதுவாக 120–130-க்குள் கட்-ஆஃப் ஆகும், 60-ஐ ஒட்டி எச்சரிக்கை ஒலிக்கும், 20-க்கும் 45-க்கும் இடையில் பார்க்கிங் பிரேக்கின் மஞ்சள் குமிழ் தானாக வெளியே வந்து வண்டியைப் பிடிக்கும். ஏர் பிரேக் ஓட்டுநர் தேர்வில் அங்கே ஒரு சோதனை உண்டு: என்ஜினை அணைத்து, பிரேக்கை எடுத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது, பெடலை மிதித்துப் பிடித்தால் 3-க்கு மேல் கூடாது. வண்டி எடுக்கும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். 150 வரை ஏறி டேங்கின் சேஃப்டி வால்வு வெடிச்சத்தத்தோடு திறந்தால் மட்டும், ஏர் ஏறுவதை நிறுத்துகிற கவர்னர் கெட்டுவிட்டது, ஓட்டக் கூடாது.

கேள்வி: மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற கேரவன். ஏர் முழுசாக ஏறிவிட்டது, ஹேண்ட் பிரேக் எடுத்தும் பின் சக்கரம் ஒன்று நகரவில்லை. பூஸ்டரைப் பிரித்துப் பார்க்கலாமா? – செங்கோட்டை வாசகர்

பதில்: கூடவே கூடாது. அந்த ஸ்பிரிங் அறையின் கிளாம்பைக் கழற்றினால் உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். ஏர் முழுசாக இருப்பதால், ஈரத்தில் லைனர் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டிவிட்டு, கட்டைகளை எடுத்தபின் பின் கியரிலும் முன் கியரிலும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அப்படியும் விடவில்லை என்றால் பட்டறைக்காரரை வரச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கை வெளியிலிருந்து இழுத்துக் கட்டுவதற்கென்று ஒரு நீள போல்ட் பூஸ்டரிலேயே செருகியிருக்கும், அதை வைத்துத் தளர்த்தத் தெரிந்தவர்தான் அதைத் தொட வேண்டும். அடுத்த மழைக்கு நீண்ட நாள் நிறுத்தும்போது சமதளமாகப் பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஸ்பிரிங்கை அந்த போல்ட்டாலேயே கட்டி நிறுத்தித் தரச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக்கை எடுத்து மட்டும் விட்டால் ஏர் இறங்கியதும் அது மறுபடி பிடித்துக்கொள்ளும்.